காமு மாமி தெருவில் உட்கார்ந்த சனிக்கிழமை

செம்பாக்கம்,
நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் சுகம், முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பூரண சுகம் என்றே எழுதலாம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரேஷ்மாவும் அந்தப் பனியில் சளி, இருமல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினம் காலையில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். நம் சர்ச்சுக்கு வரும் சத்யபிரியா அடுத்த வாரம் உங்கள் ஊருக்கே வருகிறாள், அவள் தங்கை வீடு உங்களிடமிருந்து அரைமணி நேரம்தானாம், அவள் கையில் சாம்பார்ப் பொடியும் அதிரசமும் ரேஷ்மாவுக்கு இரண்டு கவுனும் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதமும் வரும். கருவாடு கேட்டாய், அதை மட்டும் கேட்காதே, ஏர்போர்ட்டில் அந்தப் பெண்ணைத் தனியாக நிற்க வைத்துவிடுவார்கள்.

போனில்தான் தினம் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய், பாதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் கிரிக்கெட் பேசப் போய்விடுவார், ரேஷ்மா என் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். இது பாதியில் விடுகிற விஷயம் இல்லை. போன மாதம் முழுக்க நீ அந்தக் கூடுவாஞ்சேரி ஃப்ளாட் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாய். ஏழாவது மாடி, லிஃப்ட் உண்டு, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது, இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே போங்கள் என்று நீயும் மாப்பிள்ளையும் மாறி மாறிச் சொன்னீர்கள். போன வருஷம் கூடத்தில் தண்ணீர் நின்றதை வீடியோவில் பார்த்து நீ அழுததை நான் மறக்கவில்லை. உன் பயம் நியாயமானது. அதனால்தான் சும்மா பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடிக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு அப்புறம் பதில் சொல்கிறேன்.

நம் தெருவின் நிலைமை உனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் கால்வாய் வழியாக ஏரிக்குப் போக வேண்டும், ஆனால் ராஜாராமன் சார் வீட்டு வாசல் வரைக்கும்தான் போகும், அங்கே நின்றுவிடும். காமு மாமிக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்த பிறகு, சக்கர நாற்காலி இறங்குவதற்காக அவர் கால்வாய்க்கு மேலேயே சிமெண்டில் ஒரு சரிவு போட்டார், அதற்கு அடியில்தான் அடைப்பு என்று தெருவே சொல்லும். கீழே குழாய் வைத்துத்தான் கட்டியிருக்கிறேன் என்று அவர் சொல்வார். போன மழையில் அவருக்கு எதிர்வீட்டு ஜீவானந்தம் தன் பைக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர், ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்தது, அன்றைக்கு அவர் ராஜாராமன் சாரை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கத்தியதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு தெரு இரண்டு கட்சி. நலச்சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் வந்தால் இன்னொருவர் வரமாட்டார். தீபாவளிக்கு ராஜாராமன் சார் வீட்டிலிருந்து வரும் ரிப்பன் பக்கோடா வரவில்லை, நானும் கிறிஸ்மஸுக்குக் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தயங்கி வீட்டிலேயே வைத்து நாங்களே தின்றோம்.

நம் சர்ச் பெண்கள் ஐக்கியத்துக்கு வரும் செல்வமேரியின் வீட்டுக்காரர் எழில், ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் வாத்தியார். வருஷத்துக்கு ஒருநாள் அங்கே பாடம் கிடையாதாம், பிள்ளைகள் எல்லாரும் பஸ் பஸ்ஸாகச் சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய் ஏதாவது ஒரு பொதுவேலை செய்துவிட்டு வர வேண்டுமாம், சமூக சேவை நாள் என்று பெயர். இந்த வருஷம் நம் ஏரிக்கரையில் மரக்கன்று நடப் போகிறார்கள் என்று செல்வமேரி பெருமையாகச் சொன்னாள். நான் சும்மா இருக்கவில்லை. போன வருஷம் நட்ட கன்றையே ஆடு தின்றுவிட்டது, மழைக்கு முன்னால் எங்கள் கால்வாயைத் தூர் வாரிக் கொடுத்தால் ஒரு தெருவே கும்பிடும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே எழில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர், வார்டு அலுவலகத்தில் அனுமதி வாங்குவதும் மண்ணை அள்ளிப்போக லாரி கேட்பதும் என் பொறுப்பு, ஆனால் தெருவில் ஒருவராவது எங்களோடு இறங்கி வேலை செய்ய வேண்டும், வெளியாள் வந்து சுத்தம் பண்ணிவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார். நான் வருகிறேன் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைப் பார்த்தார். அப்படித்தான் உன் அம்மா இந்த வயதில் ஒரு பல்கலைக்கழகத்துத் தொண்டர் ஆனாள். முதுகில் ‘மாணவர் தொண்டர்’ என்று எழுதிய மஞ்சள் டி-ஷர்ட் ஒன்று கொடுத்தார்கள், சுடிதாருக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன், அப்பா சிரித்தார், ஆனால் அன்று சாயங்காலமே எழிலுக்குப் போன் பண்ணி எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். கையுறை, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், முகமூடி எல்லாம் கொடுத்து, மூடியிருக்கிற இடத்துக்குள் ஒருவரும் தலையை விடக்கூடாது, திறந்திருக்கிற கால்வாயில் மட்டும்தான் வேலை என்று எழில் கண்டிப்பாகச் சொன்னார். என்னோடு ஜோடி சேர்த்த பெண் பெயர் சினேகா, மூன்றாம் வருஷம். ஒல்லியாக, நகத்துக்கெல்லாம் நீலச்சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். சேவைக்கு வந்தியாம்மா, ரொம்ப சந்தோஷம் என்றேன். அவள் மறைக்காமல், ‘ஆன்ட்டி, பொய் சொல்ல மாட்டேன், அட்டெண்டன்ஸ் குடுக்கறாங்கன்னுதான் வந்தேன், மரம் நடறதுன்னு சொன்னாங்க, சாக்கடைன்னு சொல்லல’ என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. முதல் பக்கெட் சேறு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள், கொஞ்ச நேரத்தில் பக்கெட்டைக் கைமாற்றிக் கைமாற்றி லாரி வரைக்கும் கொண்டுபோக வரிசை கட்டினாள், யார் சோம்பி நின்றாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கால்வாயிலிருந்து வராத பொருள் இல்லை ஜெனி. தேங்காய் மட்டை, தலையணை, ஹெல்மெட், யாரோ தொலைத்த குடை. தெருவில் உள்ளவர்கள் முதலில் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வெட்கப்பட்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அப்பா மோர் கரைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ராஜாராமன் சார் வாசல் வரும் வரைக்கும்.

அவர் கேட்டைச் சாத்திவிட்டு அந்தச் சரிவின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். குளித்து, சட்டை மாட்டி, ஏதோ ஆபீசுக்குக் கிளம்பியவர் போல. எழில் பணிவாகத்தான் சொன்னார், இதை உடைத்தால்தான் சார் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும், நாங்களே திரும்பக் கட்டித் தருகிறோம் என்று. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ‘இதுல யாரும் கை வைக்கப்படாது’ என்று ஒரே வார்த்தை. அதற்குள் ஜீவானந்தம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கடப்பாரையோடு வந்துவிட்டார். ‘இன்னா சார், போன வருஷம் என் வூட்டு ஃப்ரிட்ஜு மெதந்துகினு கெடந்தது உனுக்கு தமாஷா கீதா? ஊர்ப் புள்ளைங்க வந்து சேத்துல நிக்குதுங்க, நீ இஸ்திரி சட்டை போட்டுகினு நிக்கற’ என்றார். ராஜாராமன் சாரும் பதிலுக்குக் கத்தப்போகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் பேசினார், கத்தாமல் பேசினார். ‘உங்காத்து ஃப்ரிட்ஜ் மிதந்தது, வாஸ்தவம். இதை இன்னிக்கு உடைச்சா, புதுசாப் பூசி, அது காஞ்சு இறுக ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை அவளுக்கு டயாலிசிஸ். வியாழக்கிழமை திரும்பவும். நான் ஒருத்தன் அவளை எப்படித் தூக்கிண்டு போவேன், சொல்லுங்கோ’ என்றார். ஜீவானந்தம் கடப்பாரையைக் கீழே ஊன்றி நின்றார். மாமி வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களுக்கெல்லாம் தெரியும், ஆட்டோ வந்து நிற்பதைப் பார்க்கிறோமே, ஆனால் அந்தச் சரிவு இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அப்போது உள்ளேயிருந்து மாமியின் குரல், ‘புஷ்பம், நீ வா உள்ளே’ என்று. பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையுறையோடு போனேன். முன்னறை ஜன்னல் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ரொம்ப இளைத்துவிட்டாள் ஜெனி, நீ பார்த்த மாமி இல்லை, ஆனால் குரல் அதே குரல். ‘போன மழையில நாலஞ்சு நாள் தண்ணி வடியலை, எனக்கு ரெண்டு டயாலிசிஸ் தவறிப்போயிடுத்து, தெரியுமோ’ என்றாள். தெரியாது மாமி என்றேன். ‘வாசல்ல ராம்ப் இருந்தது. அதுக்கு அந்தண்டை தெருவே இல்லை, தண்ணிதான் இருந்தது. ஆட்டோக்காரன் மெயின் ரோட்லேயே நின்னுட்டான். கடைசியில மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுத்து, இவர் என்னை டைனிங் டேபிள் மேல உக்கார வெச்சு விசிறிண்டே இருந்தார். உங்க யார்கிட்டயும் வந்து சொல்ல அவருக்கு மனசு வரலை, சண்டையாச்சே. அவர் இந்த ஒரு வாரத்துக்குப் பயப்படறார். எனக்கு அடுத்த மழைக்குத்தான் பயம். உடைக்கச் சொல்லு’ என்றாள். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எப்போது தண்ணீர் வடியும் என்று புலம்பிக்கொண்டிருந்த அதே நாளில், ஏழெட்டு வீடு தள்ளி அவள் மூச்சுக்குத் தவித்திருக்கிறாள், ஒருவருக்கும் தெரியாமல்.

நான் சாரிடம் போய்ச் சொல்கிறேன் என்று திரும்பினேன். அவள் விடவில்லை. என்னை வெளியே தள்ளிண்டு போ, கடைசியா ஒரு தடவை இது வழியா இறங்கிடறேன், நான் இறங்கினப்புறம் உடைக்கட்டும் என்றாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ராஜாராமன் சார் திரும்பிப் பார்த்தார். நீ எதுக்குடி வெளியே வந்தே என்று கேட்டார். மாமி, ‘தள்ளி நில்லுங்கோ, நான் தெருவுக்குப் போறேன்’ என்றாள், அவ்வளவுதான். அவர் நகர்ந்து கொடுத்தார். சினேகா ஓடிவந்து பின்பக்கம் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேருமாக மெதுவாக இறக்கி, எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலில் கொண்டுவந்து நிறுத்தினோம். மாமி அங்கே உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ‘ம், இப்போ உடைங்கோப்பா. சாயங்காலம் எப்படி உள்ளே போறதுன்னு நீங்களே யோசியுங்கோ’ என்றாள். சினேகா தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர இரண்டு வருஷத்தில் அவள் தெருவில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

முதல் போடு ஜீவானந்தம்தான் போட்டார். சிமெண்டு பெயர்ந்து வந்தபோது உள்ளே ராஜாராமன் சார் சொன்ன குழாய் இருந்தது, பொய் இல்லை. ஆனால் எவ்வளவு அகலம் தெரியுமா, நம் வீட்டு பாத்ரூம் குழாய் அளவு. சுற்றிலும் உடைந்த செங்கலையும் மண்ணையும் கொட்டி நிரப்பி மேலே நைசாகப் பூசிவிட்டிருக்கிறான் அன்றைக்கு வேலை செய்த ஆள். அந்தக் குழாயும் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. ராஜாராமன் சார் குனிந்து அதைப் பார்த்தார். பெரிய குழாய்தான் போடச் சொன்னேன், அவளோட ஆஸ்பத்திரியில இருந்தேன், வந்து பாக்கலை என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார், சொல்லிவிட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது ஜீவானந்தம் ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறாரே என்று பயந்தேன். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ‘வேலைக்காரன் பண்ணதுக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. எனுக்கும் தெரியாது, சும்மா வாய்க்கு வந்தத பேசிட்டேன், வுடுங்க’ என்றார். காலையில் ‘நீ’ என்று கூப்பிட்டவர் ‘நீங்க’ என்றதை நான் மட்டும் இல்லை, மாமியும் கவனித்தாள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிள்ளைகள் செங்கல்லையெல்லாம் வாரி எடுத்த பிறகு, மேல்பக்கத்துக் கால்வாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சளசளவென்று அந்த வாசலைத் தாண்டிப் போயிற்று. அது போவதைப் பார்க்க அத்தனை பேரும் குனிந்துகொண்டு கூடவே நடந்தோம், தேர் பின்னால் போகிறவர்கள் மாதிரி.

சாயங்காலம் பஸ் கிளம்பும் நேரம் வந்துவிட்டது, ராஜாராமன் சார் வாசலில் பெரிய பள்ளம், மாமி இன்னும் வேப்பமரத்தடியில். எழில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம். அட்டெண்டன்ஸுக்கு வந்த சினேகா பஸ்ஸில் ஏறவில்லை. மாமியை உள்ளே விட்டுட்டு டிரெயின்ல வர்றேன் சார் என்றாள், அவளோடு இன்னும் மூன்று நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவள் அம்மா போனில் பதறினாள், நான் வாங்கிப் பேசினேன், என் பிள்ளை மாதிரி ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானாள். ஜீவானந்தம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கனமான பலகை கொண்டுவந்து பள்ளத்தின் குறுக்கே போட்டார், நாற்காலியோடு மாமியைத் தூக்கியது ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அப்பா, பின்னால் பிள்ளைகள். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளுமோ என்று நான் பயந்தேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டார். மாமி உள்ளே போய்ச் சேர்ந்ததும் ராஜாராமன் சார் எல்லாருக்கும் காப்பி கலந்து கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், ஒருவரும் சொல்லவில்லை, குடித்துவிட்டோம். பிறகு அப்பா தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோவில் போய்ப் பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்பதற்கு முன்னாலேயே ஜீவானந்தம் நின்றுகொண்டிருந்தார், அவரோடு தெருமுனை வீட்டு ஆட்கள் இரண்டு பேர். மாமியைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். சிமெண்டு இனி வேண்டாம் என்று எழிலும் ஜீவானந்தமும் பேசி முடிவு பண்ணினார்கள். சினேகாவும் அவள் கூட்டாளிகளும் அளவு எடுத்துப் படம் வரைந்து அனுப்பினார்கள், ஜீவானந்தம் தன் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்து இரும்பிலேயே ஒரு சரிவு செய்துவிட்டார். கீல் வைத்தது, கதவு மாதிரித் தூக்கினால் கீழே கால்வாயைச் சுத்தம் பண்ணலாம், மேலே வழுக்காத தகடு, ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. அடுத்த வாரம் அதில் முதல் தடவை இறங்கின அன்று மாமி கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கலாம் ஜீவா என்றாள். அவர் அன்றைக்கே அடித்தார்.

மழை வராமலிருந்தால் இதையெல்லாம் உனக்கு இவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் வந்தது. டிவியில் சொன்னபோதே அப்பா அரிசி டின்னையும் என் தையல் மெஷினையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டார், அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் அது நிற்கவில்லை ஜெனி, ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இலையைப் போட்டுப் பார்த்தேன், இழுத்துக்கொண்டு போயிற்று. ஜீவானந்தமும் ராஜாராமன் சாரும் ஒரே குடையில் நின்று ஒரு நீளக் கம்பியால் குப்பையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் தார் தெரிந்தது. நம் வாசல் முதல் படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. அன்று வியாழக்கிழமை, மாமி நேரத்துக்கு டயாலிசிஸ் போய் வந்தாள். எல்லாம் தேவலோகம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, பின்பக்கத்து பாத்ரூம் சுவர் ஓதம் அடித்திருக்கிறது, பக்கத்துத் தெருவில் இன்னும் தண்ணீர் நின்றது, அவர்கள் இப்போது எழில் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள், அடுத்த வருஷம் அங்கே என்று அவரும் சொல்லியிருக்கிறார், நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஃப்ளாட் விஷயம். வேண்டாம்மா. மாப்பிள்ளை அவ்வளவு அலைந்து விசாரித்ததற்கு நான் நன்றி சொன்னேன் என்று சொல், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். ஒரு மழை தண்ணீர் ஏறாததால் நாங்கள் துணிந்துவிட்டோம் என்று நினைக்காதே, அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய மழை வரலாம். அதற்காக ஜீவானந்தம் தன் வீட்டு மாடிச் சாவியில் ஒன்றை நம் வீட்டிலும் ஒன்றை ராஜாராமன் சாரிடமும் கொடுத்து வைத்திருக்கிறார், வானம் கறுத்தாலே மாமியோடு நாங்கள் எல்லாரும் அங்கே ஏறிவிடுவது என்று முடிவு. திங்கட்கிழமை டயாலிசிஸுக்குத் துணை போவது அப்பா, வியாழக்கிழமை நான், ராஜாராமன் சார் அந்த நேரம் கொஞ்சம் படுத்து எழுந்திருக்கிறார், மனிதர் முகத்தில் ரத்தம் ஓடுகிறது. ஏழாவது மாடியில் தண்ணீர் ஏறாது, சரி. ஆனால் எனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அங்கே யார் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பார் உன் அப்பா. இங்கே எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கும். நீ தூரத்தில் இருக்கிறாய் என்பது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று நீ இனிமேல் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நான் தனியாக இல்லை.

மற்றபடி, ரேஷ்மாவுக்குத் தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே விடாதே, வீடியோவில் காது சிவந்திருந்தது. நீயும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காப்பியிலேயே ஓட்டுகிறாய் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார், அது வேண்டாம், ஒரு வாய் தயிர் சோறாவது சாப்பிடு. சினேகாவுக்கு உங்கள் ஊரில் மேல்படிப்பு படிக்க ஆசை, உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், கூப்பிட்டால் அவசரமாக இருந்தாலும் எடுத்து நாலு வார்த்தை பொறுமையாகச் சொல், நல்ல பிள்ளை. கிறிஸ்மஸுக்கு இந்த வருஷம் இரண்டு கேக் போடுகிறேன், ஒன்று முட்டையில்லாதது, மாமி வீட்டுக்கு, மாமிக்குச் சர்க்கரை ஆகாது, ஆனால் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வேன் என்றாள். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காத்து நடத்துவாராக. உன் கை செய்கிற வேலை எல்லாம் வாய்க்கட்டும், குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, மாமியும் இங்கே இருப்பாள், அவளிடமும் இரண்டு வார்த்தை பேசு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா,
புஷ்பம் அசரியா

ஜெனி, அப்பா எழுதுகிறேன். ஒட்டுவதற்குக் கொடுத்தாள், படித்துப் பார்த்தேன். உன் அம்மா ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பக்கெட்டைத் தூக்கும்போது கால் வழுக்கிக் கால்வாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், கழுத்து வரைக்கும் சேறு. அடி ஒன்றும் இல்லை, டாக்டரிடமும் காட்டிவிட்டேன், திட்டாதே. எல்லாரும் பதறி ஓடினோம். காமு மாமி மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அதைப் பார்த்துச் சேற்றில் உட்கார்ந்தபடியே உன் அம்மாவும் சிரித்தாள். ராஜாராமன் சார் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ‘இவ சிரிச்சுக் கேட்டு எத்தனை நாளாச்சு சார்’ என்று என்னிடம் சொன்னார். உன் அம்மாவைத் தூக்கிவிடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, ‘கொஞ்சம் இருங்கோ’ என்றார்.